மறுக்கப்பட்ட மைதானம்

பாளையங்கோட்டையில் மாலை நடைக்குச் செல்லும்போது, மைதானத்தின் ஓரமாக மாணவியர் சிலர் கால்பந்துப் பயிற்சி செய்வதைக் காண்கிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் அவர்களில் பலர் வருவதில்லை. அதே வயதுப் பையன்கள் வேலைக்குப் போன பிறகும்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தோடு வந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்கும்போதெல்லாம், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஆடிய ஒரு தொழிலாளியின் மகள் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் லில்லி பார்.

லங்காஷயர் பகுதியின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் 1905 ஏப்ரல் 26-ஆம் நாள் அவர் பிறந்தார். கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர் தந்தை; வீட்டில் ஏழு பிள்ளைகள். பெண் குழந்தைக்கென்று அக்காலம் வகுத்து வைத்திருந்த தையலிலும் அடுக்களையிலும் லில்லியின் மனம் ஒட்டவில்லை. சகோதரர்களோடு தரிசு நிலங்களில் பந்து விளையாடி வளர்ந்தார். அவருடைய இடது காலின் உதை வளர்ந்த ஆண்களையும் திகைக்க வைத்தது.

அவர் சிறுமியாக இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால் தொழிற்சாலைகள் பெண்களால் இயங்கின. பிரஸ்டன் நகரில் டிராம் வண்டிகளும் ரயில் என்ஜின்களும் செய்துவந்த டிக் கெர் நிறுவனம், பீரங்கிக் குண்டுகள் செய்யத் தொடங்கியது. அங்கு வேலை செய்த பெண்கள் இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தார்கள். விளையாட்டாகத் தொடங்கியது அணியாக மாறியது. 1917 கிறிஸ்துமஸ் நாளில், காயமடைந்த படைவீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 10,000 பேர் திரண்டனர்.

போர் முடிந்த பின்னும் அணி கலையவில்லை. செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணிக்காக ஆடிய லில்லியின் திறமையை அணியின் மேலாளர் ஆல்ஃபிரட் ஃபிராங்க்லாண்ட் கண்டுகொண்டார். தொழிற்சாலையில் வேலையும், ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங்கும் தருவதாகச் சொல்லி அவரைப் பிரஸ்டனுக்கு அழைத்துக்கொண்டார். அப்போது லில்லிக்கு வயது பதினான்கோ பதினைந்தோதான். பத்து ஷில்லிங் என்பது அரை பவுண்டு. அது பரிசோ ஊதியமோ அன்று. ஆட்டத்துக்காக இழக்கும் வேலை நேரத்துக்கு ஈடு. இந்தச் சிறு தொகைதான் பின்னாளில் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது.

1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணி, லில்லியின் சொந்த ஊர் அணியை எதிர்கொண்டது. உள்ளே 53,000 பேர். இடமின்றித் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். அந்த ஒரே நாளில் 3,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. வேலையிழந்து நின்ற முன்னாள் படைவீரர்களுக்கு அது சென்றது. அடுத்த ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பகலெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டு, மாலையிலும் விடுமுறை நாள்களிலும் ஊர் ஊராகச் சென்று ஆடினார்கள்.

1921-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை ஏற்க மறுத்தபோது, சுரங்கங்களை மூடி அவர்களை வெளியே நிறுத்தினார்கள் உரிமையாளர்கள். சுரங்க ஊர்களில் பட்டினி பரவியது. பெண்கள் அணிகள் அந்தக் குடும்பங்களுக்காகவும் ஆடி நிதி திரட்டின. போர்வீரனுக்காக ஆடியவரை போற்றப்பட்ட ஆட்டம், போராடும் தொழிலாளிக்காக ஆடியபோது உறுத்தத் தொடங்கியது எனச் சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு வர வேண்டிய கூட்டம் இங்கே போகிறதே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், திரட்டிய நிதியில் செலவுக்கென எடுக்கும் பங்கு மிகுதி என்று இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. சங்கத்தில் இணைந்த எந்தக் கழகமும் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்றானது. லில்லிக்கு அப்போது வயது பதினாறு.

பந்தாட்டம் பெண்ணுடலைக் கெடுக்கும், தாய்மைக்கு ஊறு செய்யும் என்று மருத்துவர் சிலரும் சான்று சொன்னார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அதே உடல்கள் வெடிமருந்து நெடியில் குண்டுகளைச் சுமந்தபோது அவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வசதியான குடும்பத்துப் பெண்கள் தனியார் பள்ளிகளில் ஹாக்கியும் டென்னிஸும் ஆடினார்கள். அவற்றுக்கு இப்படியொரு தடை வரவில்லை. எனவே தடுக்கப்பட்டது பெண்ணின் ஓட்டம் மட்டுமன்று. ஆலைப் பெண்ணின் ஓட்டம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பத்து ஷில்லிங்கை என்னால் கடந்துபோக முடியவில்லை. ஊதியம் வாங்காமல் ஆடுவதே உயர்வு என்ற கொள்கை, கேட்பதற்கு நல்லறமாகத் தோன்றும். ஆனால், ஒருநாள் கூலியை இழந்தாலும் அடுப்பு எரியும் வீட்டாரால் மட்டுமே அதைக் கடைப்பிடிக்க முடியும். கூலியை நம்பி வாழும் பெண் இலவசமாக ஆட வேண்டும் என்று கேட்பது, அவர் ஆடவே வேண்டாம் என்பதன் நாகரிக வடிவம்.

தடைக்குப் பின் லில்லி பந்தைக் கீழே வைக்கவில்லை. 1922-இல் அணி கடல் கடந்தது. கனடாவில் அனுமதி மறுக்கப்பட, அமெரிக்காவில் ஆண்கள் அணிகளை எதிர்த்தே ஒன்பது ஆட்டங்கள் ஆடி மூன்றில் வென்றது. நாடு திரும்பிய பின் பெரிய மைதானங்களின் கதவுகள் திறக்கவில்லை. பொதுப் பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் ஆடினார்கள். நிறுவனத்தின் ஆதரவு விலகியதும் அணி பிரஸ்டன் பெண்கள் அணி என்று பெயர் மாற்றிக்கொண்டது. லில்லி விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தார். பணிமுறைக்கு நடுவே ஆடினார். 1946-இல் அணித் தலைவரானார். 1951 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஆடினார்.

1971-இல்தான் தடை விலகியது. அப்போது அவருக்கு வயது 66. 1978 மே 24 அன்று மறைந்தார். 2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ் மன்றத்தில் சேர்த்த முதல் பெண் அவரே. 2019-இல் மான்செஸ்டரில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆடுவதற்கு இடம் தராதவர்களின் நாடு, நிற்பதற்கு இடம் தந்தது.

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம். பாபநாசத்தின் அடியில் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. தாமிரவருணிப் பாசனத்தில் காரும் பிசானமும் நட்டவர்கள் பெண்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள் பெண்கள். நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் உடலால் தாங்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவர்களின் மகள் அரைக்கால் சட்டை அணிந்து பந்தை உதைக்கும்போதுதான் உடலைப் பற்றிய கவலை ஊருக்கு வருகிறது.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரு மாணவி நன்றாக ஆடினார், திடீரென நின்றுவிட்டார். காரணம் கேட்டேன். மாலையில் அம்மாவோடு அமர்ந்து பீடிக் கணக்கை முடித்தால்தான் வார இறுதியில் கூலி முழுதாக வரும் என்றார். தடை போட அங்கே எந்தச் சங்கமும் தேவைப்படவில்லை.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் பட்டம் வென்றது. தென் தமிழகத்தின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆனாலும் எளிய வீட்டுப் பெண்ணின் ஆட்டத்துக்கு நாம் எப்போதும் வேறொரு காரணம் கேட்கிறோம். லில்லியின் காலத்தில் அது தொண்டாக இருக்க வேண்டும் என்றார்கள். இன்று அது காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலை வாங்கித் தர வேண்டும் என்கிறோம். வேலை நல்லதுதான், வறுமையில் அந்த எதிர்பார்ப்பைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால், வசதியான வீட்டுப் பிள்ளை மகிழ்ச்சிக்காக ஆடினால் போதும், ஏழை வீட்டுப் பெண்ணின் மகிழ்ச்சி மட்டும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது என்ன நீதி?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒன்றியம்தோறும் பெண்களுக்கென நேரம் ஒதுக்கிய மைதானம், உடை மாற்ற ஓர் அறை, பெண் பயிற்சியாளர், இருட்டும் முன் வீடு சேரப் பேருந்து, பயிற்சி நாள்களில் வீடு இழக்கும் வருமானத்துக்கு ஒரு சிறு உதவித்தொகை. கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. லில்லி பார் கேட்டதும் அதே பத்து ஷில்லிங்தான். அதை நம் பிள்ளைகளுக்கு இன்று கொடுத்துவிட்டால், பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிறகும் அந்த மைதானத்தின் ஓரத்தில் அவர்களைப் பார்க்க முடியும்.