ஜகதீச சந்திர போஸ்

தோழியரே, நம் ஜவ்வாது மலையில் நிற்கும் செல்போன் கோபுரங்கள் அனுப்புவது நுண்ணலைகளை. அவற்றில் ஐந்து மில்லிமீட்டர் அளவேயான அலைகளைக் கல்கத்தாவில் உண்டாக்கிக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30-இல் பிறந்தார். தந்தையார் இவரை மீனவர் மகனும் ஏவலாள் மகனும் படித்த வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். பின்பு தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி லஃபோன் அடிகளார் பௌதிகத்தில் ஆசையை ஊட்டினார்.

கேம்பிரிட்ஜில் பயின்று, 1885-இல் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியரானார். ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், மூன்று ஆண்டுகள் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். வீட்டிலோ கடன்! முடிவில் அரசு முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது. இவர் மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர்.

1895-இல் நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத அலை சுவரைக் கடந்து சென்று மணியை அடித்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது.

சுவரைக் கடக்கும் அவ்வலை உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். வழவழப்பான இரும்பிலிருந்து ஒரு விதமாகவும், மயிரிழை விரிசல் இருந்தால் வேறு விதமாகவும் திரும்பும். பெயின்டுக்கு அடியிலுள்ள விரிசலைக்கூட, சுரண்டாமலே இன்று இப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு உதவும் அலைவழிக் குழாயைப் போஸ் அன்றே கையாண்டார்.

விரிசலை அவர் தேடவில்லை. ஆனால் உலோகமும் ஓயாமல் உழைத்தால் களைக்கும், ஓய்வு கொடுத்தால் தேறும் என்று தம் கருவியிலேயே கண்டு, 1902-இல் நூல் எழுதினார். உயிரற்றதற்குக் களைப்பா என்று அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர்.

1917-இல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய இவர், 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமானார்.