பக்கச்சங்கிலி கண்ட பால் ஏர்லிக்

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு மருத்துவ விஞ்ஞானி ஒருவரின் சரிதத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை இக்கட்டுரையின் ஈற்றில் உள்ளது.

பால் ஏர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி, அந்நாளிற் பிரசியாவுக்குரியதாயிருந்த சைலீசியா மாகாணத்தின் ஸ்திரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடியொன்றிற் பிறந்தார். சாயப்பொருள்களில் அவருக்கு இளமையிலேயே தீராத ஆர்வம். ஒரு சாயம் உடலின் ஒருவகைக் கலத்தைப் பற்றி, அயலிலுள்ள கலத்தைத் தீண்டாது விடுவதேன்? இவ்வொரு வினாவே அவர் வாழ்வு முழுவதையும் நடத்திச் சென்றது எனலாம். 1878இல் லைப்சிக் நகரில் மருத்துவப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வும் சாயங்களைப் பற்றியதே. பெர்லினிற் பணிபுரிந்த காலத்திற் சயரோகம் அவரைப் பற்றிற்று. 1888இல் எகிப்து சென்று, உடல் தேறி மீண்டு, றொபேட் கொக்கின் நிறுவனத்திற் சேர்ந்தார்.

அந்நாளிற் குழந்தைகளைப் பெருவாரியாகக் கொன்றது டிப்தீரியா என்னும் தொண்டைக்கரப்பன். அதற்கு மாற்றாகப் பெரிங் என்பார் கண்ட குருதிநீர் மருந்தின் வலிமை, தயாரிக்குந்தோறும் வேறுபட்டது. அவ்வலிமையை அளக்க நிலையான அளவுகோல் ஒன்றை ஏர்லிக் 1897இல் வகுத்தார். அளந்தவர் அதனோடு அமையவில்லை. நச்சை எதிர்க்கும் பொருள் உடலில் எவ்வாறு தோன்றுகின்றது என்றும் சிந்தித்தார். கலத்தின் மேற்பரப்பிற் பல்வேறு வடிவப் பக்கச்சங்கிலிகள் இயற்கையாகவே உள்ளன, பூட்டிற் சாவி பொருந்துமாறு நச்சு அவற்றுள் ஒன்றிற் பொருந்துகின்றது, உடனே கலம் அச்சங்கிலியை மிகையாக ஆக்கிக் குருதியில் உதிர்க்கின்றது, அதுவே பிறபொருளெதிரி. இஃது அவர் கொள்கை. 1908இல் மெச்னிக்கோவுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மேகநோய்க்குச் சல்வர்சான் என்னும் மருந்தை 1910இல் உலகிற்கு அளித்தார். 1915 ஆகஸ்ட் 20இற் காலமானார்.

அவர் மறைந்தபின் கொள்கைக்குச் சோதனை வந்தது. இயற்கையில் என்றுமே இல்லாத செயற்கை இரசாயனங்களைப் புரதத்தோடு பிணைத்து லாண்ட்ஸ்டைனர் விலங்குகளுக்கு ஏற்றினார். அவற்றிற்கும் பிறபொருளெதிரிகள் தோன்றின! உலகம் காணாத சாவிக்குப் பூட்டு முன்னரே இருந்தது எங்ஙனம்? விடை கூற ஏர்லிக் உயிரோடில்லை. அறிஞர் பலர் அவர் கொள்கையைக் கைவிட்டு, அச்சில் வார்த்த களிமண்போல, வந்த பொருளின் மீதே எதிரி வடிவம் பெறுகின்றது என்றனர்.

1957இல் அவுஸ்திரேலிய அறிஞர் பேர்னெற் பழைய கொள்கைக்குத் திருத்தத்தோடு உயிரளித்தார். ஒரு கலத்திற்கு ஒரு வடிவமே உண்டு; பொருந்திய கலமே பெருகும் என்பது அவர் துணிபு. ஆயினும் ஓர் இடர் நின்றது. புரதங்களை எழுதுவன பரம்பரையலகுகள். மனிதனிடத்துப் புரதத்திற்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 மாத்திரமே; பிறபொருளெதிரி வகைகளோ கோடிக்கணக்கின.

1976இற் பேசல் நகரில் தொனேகாவா அம்முடிச்சை அவிழ்த்தார். இப்பரம்பரையலகுகள் துண்டு துண்டாகக் கிடந்து, கலம் வளருங்கால் ஒன்றோடொன்று புணர்கின்றன. பாரச்சங்கிலிக்கு ஏறத்தாழ 40, 23, 6 என மூவகைத் துண்டுகள். வகைக்கொன்றாகச் சேர்ந்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள். இலேசான சங்கிலியும் கூடினாற் பத்து இலட்சத்தையும் கடக்கும். புணருமிடத்துச் சில எழுத்துகள் கெடுகின்றன. சில புதியன தோன்றுகின்றன. பின்னர் நோயோடு பொருதுங்கால் சில திரிகின்றன.

இதனைப் படித்தபோதே யான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தோன்றல், திரிதல், கெடுதல் என யான் கரும்பலகையில் எழுதும் விகாரங்கள் அல்லவா இவை! முப்பது முதலெழுத்துகளால் எண்ணிலாச் சொற்கள் பிறக்குமாறு, சில துண்டுகளால் எண்ணிலாப் பூட்டுகள் பிறக்கின்றன. எச்சாவி வருமென அறியாமலே உடல் அவற்றைச் செய்து வைக்கின்றது.

லாண்ட்ஸ்டைனரின் வினா நேர்மையானது. ஏர்லிக்கின் மூலக் கருத்தும் மெய்யானது. இடையில் ஒரு படியே இல்லாதிருந்தது. மாணவன் விடையில் ஒரு படி விடுபட்டிருப்பின் முழுவதையும் சிவப்பு மையால் வெட்டும் வழக்கம் எனக்கும் இருந்தது. ஏர்லிக்கின் சரிதத்தைக் கற்றபின் அம்மையைத் தொடுமுன் சற்றுத் தயங்குகிறேன்.