பெயரில்லாப் பாத்திரத்தின் குரல்: ஹாட்டி மெக்டேனியல்

திரைப்பட நடிகை ஒருவரின் வாழ்க்கைக்கு நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஹாட்டி மெக்டேனியல் அம்மையார் இளமையில் மேடையேறியது ஒரு கவிதையைச் சொல்வதற்காக. பின்னர்ப் பாட்டெழுதிப் பாடியவர். அதன்பின் இருபதாண்டுக் காலம் பிறர் எழுதிய சொற்களை, பெரும்பாலும் தம் இனத்தைத் தாழ்த்தும் சொற்களை, தம் வாயால் பேசிப் பிழைத்தவர். அச்சொற்களுக்குள் தம் சொந்தக் குரலை எந்த அளவு ஒலிக்கச் செய்யலாம் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் மல்லாடிய வினா. சொல்லை நம்பி வாழ்வோருக்கு அது அயலார் வினா ஆகாது.

அமெரிக்க நாட்டின் கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரில் 1893 சூன் 10 அன்று அவர் பிறந்தார். 1895 என எழுதுவாரும் உளர். உடன்பிறந்தார் பதின்மூவரில் கடைக்குட்டி. தந்தை ஹென்றியும் தாய் சூசனும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் நின்று போரிட்டவர். தாய் தேவாலயப் பாடல்களில் தேர்ந்தவர். விடுதலை கிடைத்ததே தவிர வயிற்றுப்பாடு தீரவில்லை. குடும்பம் கொலராடோ மாநிலத்துக்குப் பெயர்ந்தது. டென்வர் நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோது, 1910இல், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த கிறித்தவ மாதர் சங்கம் நடத்திய போட்டியில், ஜோ என்னும் கைதியைப் பற்றிய நெடுங்கவிதை ஒன்றை ஒப்புவித்தார். முதற்பரிசு தமக்கே கிடைத்ததாகப் பின்னாளில் அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டதுண்டு. அதன்பின் பள்ளிப் படிப்பு நீளவில்லை. அண்ணன் ஓட்டிஸ் நடத்திய நாடகக் குழு அவரை இழுத்துக்கொண்டது. 1914இல் அக்காள் எட்டாவுடன் சேர்ந்து பெண்களே நடிக்கும் குழு ஒன்றையும் தொடங்கினார்.

1920களில் இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சென்றார். 1926 முதல் 1929 வரை சிகாகோவில் ஓக்கே, பாரமவுண்ட் ஆகிய நிறுவனங்களுக்காகப் பாடிய இசைத்தட்டுகளில் அவரே இயற்றிய பாடல்களும் இருந்தன. அவரைப் பாடலாசிரியர் என்று நினைவுகூர்வார் இன்று அரியர்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது மேடைகளும் சரிந்தன. மில்வாக்கி நகருக்கு அருகில் ஓர் இரவு விடுதியில், பெண்கள் கழிவறையில் நின்று வருவோர்க்கு ஏவல் செய்யும் வேலைதான் கிடைத்தது. அவரைப் பாடவிட உரிமையாளருக்கு முதலில் மனமில்லை. ஒருவாறு இசைந்தபின், அந்த விடுதியின் நிலையான பாடகியாகவே ஆகிவிட்டார்.

1931இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். அங்கே வானொலியில் நடித்துவந்த அண்ணன் சாம் வழியாக ஒரு நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. எசமானியிடமே அதிகாரம் பேசும் வேலைக்காரி வேடம். நேயர்கள் விரும்பிக் கேட்டனர். ஆனால் அதில் வந்த ஊதியம் போதாமையால், வீட்டு வேலைக்கும் போய்வந்தார். ஒலிவாங்கியின் முன்னும் பணிப்பெண், அதை விட்டு வெளியே வந்தாலும் பணிப்பெண்! திரையுலகில் நுழைந்தபோதும் அந்த முன்றானையை அவர் கழற்ற முடியவில்லை. 300க்கு மேற்பட்ட படங்களில் தோன்றினார் என்பர். அவற்றுள் பெயர் காட்டப்பட்டவை 80 சொச்சமே.

அந்தச் சிறு வேடங்களில் அவர் செய்த குறும்புகள் தனியே எழுதத்தக்கவை. ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ (1935) படத்தில், வசதியுள்ளவர்போல் காட்டிக்கொள்ள விரும்பும் குடும்பம் ஒருநாள் விருந்துக்கு அவரைக் கூலிக்கு அமர்த்துகிறது. தலையிலிருந்து நழுவும் தொப்பியும் அசைபோடும் வாயுமாக, அவர் பரிமாறும் சோம்பல் நடையிலேயே அக்குடும்பத்தின் பொய்ப் பகட்டு முழுவதும் குலைந்துபோகிறது. ‘ஷோ போட்’ (1936) படத்தில் மாபெரும் பாடகர் பால் ராப்சனோடு இணைந்து பாடினார்.

மார்கரெட் மிட்செலின் புதினத்தை டேவிட் செல்ஸ்னிக் ‘கான் வித் த விண்ட்’ என்னும் பெயரிலேயே 1939இல் படமாக்கினார். அதில் ஹாட்டி ஏற்றது வளர்ப்புத்தாயாக இருக்கும் அடிமைப் பெண்ணின் வேடம். அப்புதினத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. எல்லோரும் அவளை ‘மேமி’ என்கின்றனர். அது வெள்ளையர் குழந்தைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களுக்கான பொதுச்சொல். கணவன், பிள்ளை, பிறந்த ஊர் எதுவும் ஆசிரியர் தரவில்லை. இப்படி வெறுமையாக விடப்பட்ட பாத்திரத்தில் ஹாட்டி ஓர் ஆளைக் குடியேற்றினார்.

படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி. குழந்தை போனி குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறாள். குழந்தைக்கு இருட்டென்றால் அச்சம் என்பதால் தந்தை அடக்கம் செய்ய விடாமல் உடலோடு அறைக்குள் இருக்கிறான். இதை மெலனியிடம் சொல்லியபடியே மேமி நீண்ட மாடிப்படிகளில் ஏறுகிறாள். குழந்தை இறந்தபின் அவ்வீட்டில் நிகழ்ந்த துயரத்தைக் காமிரா நமக்குக் காட்டுவதில்லை. அழுகையில் உடையும் குரலும், படிக்குப் படி தடைப்படும் மூச்சுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. டென்வர் மேடையில் கவிதை சொன்ன சிறுமியை நான் அப்படிகளில் காண்கிறேன்.

1939 டிசம்பர் 15இல் அட்லாண்டாவில் முதற்காட்சி நடந்தது. அங்கு நிலவிய இனப் பிரிவினைச் சட்டங்களால் கறுப்பினக் கலைஞர்கள் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 இரவு அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கார் விழா. கறுப்பினத்தாரை உள்ளே விடாத ஓட்டல் அது. செல்ஸ்னிக் கேட்டுக்கொண்டதன் பேரில் அவரை அனுமதித்தனர். உடன் நடித்தவர்களிடமிருந்து விலகி, சுவரோரச் சிறு மேசையில் அமர்ந்திருந்த அவரைத் துணை நடிகை விருதுக்கு அழைத்தனர். போட்டியிட்டவர்களுள் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டும் ஒருவர். ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி. துணை நடிகர்களுக்கு அக்காலத்தில் தந்ததுபோலவே அவருக்கும் சிலைக்குப் பதில் பட்டயம் தரப்பட்டது. கண்ணீரோடு சில சொற்கள் பேசி அவர் தம் மேசைக்கே திரும்பினார். அடுத்த கறுப்பினப் பெண் ஒருவர் நடிப்புக்காக ஆஸ்கார் பெற 1991 வரை, ஊப்பி கோல்ட்பர்க் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

விருதுக்குப் பின்னும் வந்தவை முன்றானை வேடங்களே. வெள்ளையர் ஒதுக்கியதோடு இன்னொரு பக்கத்திலிருந்தும் கண்டனம் எழுந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட் வந்து, இத்தகைய வேடங்கள் ஒழிய வேண்டும் என்று படநிறுவனத் தலைவர்களிடம் வாதிட்டார். பணிப்பெண்ணாக வேலை செய்வதைவிடப் பணிப்பெண்ணாக நடிப்பது எவ்வளவோ மேல் என்பதே ஹாட்டியின் நிலைப்பாடு. யார் பக்கம் நியாயம்? வைட் கேட்டது ஓர் இனத்தின் மானத்தை. ஹாட்டி காத்தது உழைக்கும் கலைஞர்களின் சோற்றை. வைட்டின் கோரிக்கை தவறில்லை எனினும், மாற்று வேடங்கள் எழுதப்படுவதற்கு முன்பே இருந்த வேடங்களை நிறுத்தினால் பட்டினி கிடப்பவர் யார் என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரைப் பணிந்துபோனவர் என்போர் அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ‘சுகர் ஹில்’ எனப்பட்ட பகுதியில் அவர் பெரிய வீடு வாங்கினார். கறுப்பினத்தார்க்கு விற்கக் கூடாது என்னும் பழைய பத்திர நிபந்தனையைக் காட்டி, அக்கம்பக்கத்து வெள்ளையர் சிலர் அவரையும் எத்தல் வாட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் முதலியோரையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். ஹாட்டி அண்டை வீட்டாரைத் திரட்டி எதிர்த்து நின்றார். அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தைச் சுட்டி, 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான்.

1947இல் ‘பியூலா’ என்னும் வானொலித் தொடரின் தலைமை வேடம் வந்தது. பணிப்பெண்ணான பியூலாவுக்கு அதற்குமுன் குரல் கொடுத்தவர்கள் வெள்ளை ஆண்கள். கறுப்பினத்தாரைக் கேலி செய்யும் கொச்சைப் பேச்சை ஹாட்டி ஏற்கவில்லை. வானொலித் தொடர் ஒன்றில் தலைமை வேடமேற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அத்தொடர் தொலைக்காட்சிக்குச் சென்றபோது முதலில் எத்தல் வாட்டர்ஸ் நடித்தார். 1951இல் ஹாட்டி பொறுப்பேற்றார். ஆறு பகுதிகள் படமானதும் உடல்நலம் குன்றியது. அவ்விடத்துக்கு லூயிஸ் பீவர்ஸ் வந்தார்.

நான்கு திருமணங்கள், குழந்தைகள் இல்லை. மார்பகப் புற்றுநோயால் 1952 அக்டோபர் 26 அன்று, திரைக்கலைஞர்களுக்கான உட்லண்ட் ஹில்ஸ் மருத்துவமனையில் காலமானார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட விரும்பியிருந்தார். அவரது இனத்தின் காரணமாக அங்கே இடம் மறுக்கப்பட்டது. ரோஸ்டேல் கல்லறையில் அவர் உடல் அடக்கமாயிற்று. மறுத்த தோட்டத்தில் 1999இல் புதிய உரிமையாளர் நினைவுக்கல் எழுப்பினார். ஆஸ்கார் பட்டயம் அவர் விரும்பியபடி வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் சென்று, பின்னர்க் காணாமற்போனது. அதற்கு ஈடாக வேறொரு பட்டயத்தை 2023இல் திரைக்கலைக் கழகம் அப்பல்கலைக்கழகத்திடம் வழங்கியது.