அளவு தவறியது, தலை குனிந்தது!
ரெயில் மேதை ஸ்டீவன்சன் கற்ற பாடம்

1825-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். லண்டன் பாராளுமன்றத்தின் கமிட்டி அறை ஒன்றில் 43 வயது மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல நின்றார். நல்ல உடற்கட்டு. வடநாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் கொச்சைப் பேச்சு. அவர் வாய் திறந்தாலே எதிர்த்தரப்பார் சிரித்தார்கள்.

அவர்தான் ஜார்ஜ் ஸ்டீவன்சன்.

லிவர்பூல் துறைமுகத்தையும் மான்செஸ்டர் நகரத்தையும் இணைக்க ஒரு ரெயில் பாதை போட வேண்டும். அதற்குத் திட்டம் தயாரித்தவர் அவர். எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்டு ஆல்டர்சன் கேள்விக் கணைகளைத் தொடுத்தார். இர்வெல் ஆற்றின் அகலம் எவ்வளவு என்று கேட்டார். பாலத்துக்கு எத்தனை வளைவுகள் என்று கேட்டார். ஸ்டீவன்சனால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. திட்டத்தில் எழுதியிருந்த மட்ட அளவுகள் பல இடங்களில் தவறு என்பதும் அம்பலமாயிற்று.

கேட்டவர்கள் திகைத்தார்கள். ரெயில் என்ஜின் செய்து புகழ் பெற்றவருக்கா இந்தக் கதி?

எழுத்தறியாத இளைஞர்

ஸ்டீவன்சன் 1781-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி, இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே உள்ள வைலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. வீட்டில் ஆறு பிள்ளைகள். வயிற்றுக்கே போதாத வருமானம். பள்ளிக்கூடம் எங்கே போவது? சிறுவன் ஜார்ஜ் கூலிக்கு மாடு மேய்த்தான். பிறகு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

பதினெட்டு வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக அவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. பகல் முழுவதும் உழைத்துவிட்டு, தன் கூலியிலிருந்து சம்பளம் கட்டி இரவுப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார்.

1802-ல் பிரான்சஸ் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ராபர்ட் பிறந்தான். 1806-ல் மனைவி காச நோயால் இறந்தார். ஒரு விபத்தில் தந்தையின் கண் பார்வையும் போயிற்று. குடும்பச் சுமை முழுவதும் ஸ்டீவன்சன் தலையில் விழுந்தது. வேலை முடிந்து வந்து செருப்புத் தைத்தார். கடிகாரம் பழுது பார்த்தார். அந்தக் காசில் மகனை நல்ல பள்ளிக்கு அனுப்பினார். மகன் படித்து வந்த பாடத்தை இரவில் தந்தையும் சேர்ந்து படித்தார்.

உழைப்பு வீண் போகவில்லை. 1814-ல் நிலக்கரி வண்டிகளை இழுக்கும் நீராவி என்ஜினைச் செய்தார். 1815-ல் சுரங்கத்துக்கான பாதுகாப்பு விளக்கு ஒன்றை உருவாக்கினார். 1821-ல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரெயில் பாதை வேலை அவரைத் தேடி வந்தது. ஏற்கனவே வேறொருவர் அளந்து வைத்த பாதை இருந்தது. ஸ்டீவன்சன் அதை அப்படியே ஏற்கவில்லை. மகனையும் அழைத்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்து, தானே புதிதாக அளந்தார். அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்தார்.

துப்பாக்கிக் காவல்

லிவர்பூல் பாதையை அளக்கும் வேலை அதுபோல் எளிதாக இல்லை. ரெயில் வந்தால் தங்கள் வருமானம் போய்விடும் என்று கால்வாய் முதலாளிகள் பயந்தார்கள். பெரிய நிலச்சுவான்தார்களும் எதிர்த்தார்கள். பாராளுமன்றம் சட்டம் செய்யும் வரை பிறர் நிலத்தில் கால் வைக்க ரெயில் கம்பெனிக்கு உரிமை கிடையாது.

அளவுக்காரர்களை விரட்ட நிலத்துக்கு நிலம் ஆட்கள் நின்றார்கள். சிலர் கையில் துப்பாக்கி. சிலர் கையில் வைக்கோல் வாரும் கவைக்கோல். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கண்டாலே அவர்களுக்கு ஆத்திரம் வரும். அதைச் சுமக்க ஒரு குத்துச்சண்டைக்காரரையே கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது! ஓரிடத்தில் கருவியைப் பிடுங்கி உடைத்தும் விட்டார்கள்.

ஸ்டீவன்சன் ஆட்கள் தந்திரம் செய்தார்கள். இரவில் ஒரு மூலையில் போய்த் துப்பாக்கி வெடிப்பார்கள். திருட்டு வேட்டைக்காரர்கள் வந்துவிட்டதாக எண்ணிக் காவலர்கள் அங்கே ஓடுவார்கள். அதற்குள் இன்னொரு பக்கம் அவசர அவசரமாக அளந்து முடிப்பார்கள். ஒரு பாதிரியாரின் நிலத்தை, அவர் கோவிலில் பிரசங்கம் செய்யும் நேரம் பார்த்து அளந்தார்களாம்!

கதையாகக் கேட்க வேடிக்கைதான். ஆனால் திருட்டுத்தனமாக, இருட்டில் அளந்த அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

தவறு எங்கே?

மட்டம் பார்ப்பது ஒரு சங்கிலித் தொடரான வேலை. உயரம் தெரிந்த ஒரு குறியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து அடுத்த இடம் எவ்வளவு உயரம், எவ்வளவு பள்ளம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் போக வேண்டும். கோலத்தில் முதல் புள்ளி தப்பினால் கோலம் முழுவதும் தப்பும். மட்டமும் அப்படித்தான்.

இந்த முறை ஸ்டீவன்சன் எல்லா இடத்துக்கும் தானே போகவில்லை. ஸ்டாக்டன் பாதை வேலை இன்னும் முடியவில்லை. வேறு பல வேலைகளும் கைநிறைய இருந்தன. அளக்கும் பொறுப்பை உதவியாளர்களிடம் விட்டார். அவர்கள் கொடுத்த கணக்கைச் சரிபார்க்காமல் திட்டத்தில் சேர்த்துவிட்டார். யார் அளப்பது, யார் சரிபார்ப்பது, தவறினால் யார் பொறுப்பு என்ற திட்டவட்டமான ஏற்பாடு இல்லாமல் போயிற்று. கடைசியில் பழி முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தது.

மசோதா அந்த ஆண்டு தோற்றது. கம்பெனி அவரை விலக்கிவிட்டு ரென்னி சகோதரர்களை அமர்த்தியது. அவர்களுக்காக சார்லஸ் விக்னோல்ஸ் என்பவர் புதிதாக அளந்தார். 1826-ம் ஆண்டு மே மாதம் சட்டம் நிறைவேறியது.

மீண்டும் அழைப்பு

ஆனால் ரென்னி சகோதரர்களுக்கும் கம்பெனிக்கும் ஒத்துவரவில்லை. கம்பெனி ஸ்டீவன்சனையே மறுபடியும் அழைத்தது. அவமானத்தை மனதில் வைத்துக்கொண்டு அவர் மறுத்துவிடவில்லை. வந்தார்.

வழியில் சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் கிடந்தது. மண்ணைக் கொட்டக் கொட்ட விழுங்கிக்கொண்டே இருந்தது. கம்பெனி இயக்குநர்களே நம்பிக்கை இழந்தார்கள். ஸ்டீவன்சன் விடவில்லை. செடி கொடிகளையும் மரக்கிளைகளையும் தட்டியாகப் பின்னிப் பரப்பினார். அதன்மேல் பாதையை மிதக்கவிட்டார். கமிட்டியின் முன் எதிர்த்தரப்பு நிபுணர் ஒருவர் இந்தப் பகுதிக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் பவுன் ஆகும் என்று சொல்லியிருந்தார். வேலை முடிந்தபோது ஆன செலவு சுமார் 28 ஆயிரம் பவுன்தான்!

1829-ல் ரெயின்ஹில் பந்தயத்தில் தந்தையும் மகனும் உருவாக்கிய ராக்கெட் என்ஜின் வென்றது. 1830-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பாதை திறக்கப்பட்டது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மாணவர் முந்தினார்

ஆனாலும் ஒரு குறை அவரை விட்டுப் போகவில்லை. காகிதக் கணக்கில் அவருக்குப் பொறுமை இல்லை. அது அடுத்த வேலையில் தெரிந்தது.

1833-ல் பர்மிங்ஹாம் நகரிலிருந்து வடக்கே ரெயில் பாதை போட அனுமதி கிடைத்தது. தென்பாதி ஸ்டீவன்சனுக்கு, வடபாதி அவரிடம் தொழில் பழகிய ஜோசப் லாக் என்பவருக்கு. லாக், ஸ்டீவன்சனின் பழைய சுரங்கத் தோழருடைய மகன்.

லாக் தன் பகுதியை நுணுக்கமாக அளந்தார். ஒவ்வொரு துண்டு வேலைக்கும் படம் வரைந்தார். எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும், கட்டுமானம் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். காண்டிராக்டர்கள் அதைப் பார்த்து விலை சொன்னார்கள். அவருடைய ஒப்பந்தங்கள் முழுவதும் கையெழுத்தாயின. அப்போது ஸ்டீவன்சன் பகுதியில் ஒன்றுகூடக் கையெழுத்தாகவில்லை! அளவும் குறிப்பும் தெளிவாக இல்லாதபோது எந்தக் காண்டிராக்டர் துணிந்து விலை சொல்வார்?

1835-ல் ஸ்டீவன்சன் விலகிக்கொண்டார். முழுப் பொறுப்பும் லாக் கைக்கு வந்தது. 1837-ம் ஆண்டு ஜூலையில் பாதை திறக்கப்பட்டது. குருவுக்கு இது பெரிய அடி. இருவருக்கும் இடையே இருந்த பழைய அன்பு குறைந்தது.

பட்ட பாடு, எழுதிய ஷரத்து

ஸ்டீவன்சன் பட்ட பாட்டுக்கு இன்றைய கட்டுமான ஒப்பந்தங்களில் விடை இருக்கிறது. அளவு வேலைக்கென்றே அவற்றில் தனி ஷரத்துகள் உண்டு. தொடக்கக் குறியை யார் காட்டுவது, எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும், அளந்ததை மறுபடி யார் சரிபார்ப்பது என்றெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். பிறர் நிலத்தில் நுழைய அனுமதி வாங்குவது யார், பயிர் அழிந்தால் நஷ்டஈடு தருவது யார் என்பதையும் முடிவு செய்கிறார்கள். கொடுத்த குறி தவறானால் செலவு யாருடையது, தோண்டும்போது பாறையோ சேறோ வந்தால் கூடுதல் பணம் உண்டா என்பதும் அதில் இருக்கும். அளவுப் புத்தகம் யாரிடம் இருக்க வேண்டும் என்றுகூட எழுதுவார்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். எல்லைக் கல்லை யார் காட்டியது, யார் அளந்தது, யார் சரிபார்த்தது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டால், சுவர் எழும்பிய பிறகு சண்டை வராது.

ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தைச் செஸ்டர்பீல்டு ஊரில் டாப்டன் மாளிகையில் கழித்தார். 1847-ல் இயந்திர என்ஜினீயர்கள் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். 1848-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி, 67-வது வயதில் காலமானார்.

பதினெட்டு வயதில் அகர முதல் கற்கத் தொடங்கிய அந்தத் தொழிலாளியை இன்று உலகம் ரெயில் பாதைகளின் தந்தை என்று போற்றுகிறது. அந்தத் தந்தையையும் ஒருநாள் தலைகுனிய வைத்தது, சரிபார்க்காத ஓர் அளவு!