தன் பெயரைத் தானே நீக்கச் சொன்ன வீரர்

1939-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பந்தாட்ட மைதானம். ஆட்டம் தொடங்கப் போகிறது. ரசிகர்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு செய்தி சொன்னார்கள். நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியில் லூ கெரிக் இன்று ஆடமாட்டார்!

கூட்டம் திகைத்தது. 14 ஆண்டுகளாக அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

அவரை நீக்கியது யார்? மானேஜர் அல்ல. முதலாளி அல்ல. அவரேதான்!

ஏழை வீட்டுப் பிள்ளை

கெரிக் 1903-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்த 4 குழந்தைகளில் உயிர் தங்கியது இவர் ஒருவர்தான். தந்தைக்கு நிலையான வேலை இல்லை. தாயார் பிறர் வீடுகளில் சமைத்தும் துணி துவைத்தும் மகனை வளர்த்தார்.

மகன் என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை. கெரிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் 1923-ல் யாங்கீஸ் கோஷ்டி அவரை அழைத்தது. சேர்ந்தால் சம்பளம் தவிர 1,500 டாலர் ரொக்கம்! வீட்டிலோ கஷ்டம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மட்டையைக் கையில் எடுத்தார்.

காத்திருந்த காலம்

அந்த ஆட்டத்துக்குப் பெயர் பேஸ்பால். கிரிக்கெட் போல மட்டையால் பந்தை அடிக்கும் ஆட்டம். ஒரு கோஷ்டியில் ஒரு சமயத்தில் 9 பேர்தான் ஆடலாம். மற்றவர்கள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை வெளியே எடுத்துவிட்டால், அந்த ஆட்டத்தில் அவரை மறுபடி இறக்க முடியாது.

ஆகவே யாரை ஆடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்பது மானேஜருக்குப் பெரிய தலைவலி. கோஷ்டி தோற்றால், பெஞ்சில் இருப்பவனை ஏன் இறக்கவில்லை என்று ரசிகர்கள் அவரைத்தான் திட்டுவார்கள்.

கெரிக்குக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரின் சிறிய கோஷ்டியில் ஆடினார். காரணம், அவர் ஆடவேண்டிய இடத்தில் வாலி பிப் இருந்தார். 1915 முதல் அந்த இடம் பிப்புக்குச் சொந்தம் போல இருந்தது.

1925-ல் யாங்கீஸ் தோல்விமேல் தோல்வி கண்டது. புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பிப்பின் ஆட்டமும் தளர்ந்தது. மானேஜர் மில்லர் ஹக்கின்ஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார்.

ஜூன் 1-ந் தேதி வானிங்கர் என்ற வீரருக்குப் பதிலாக மட்டை பிடிக்க கெரிக்கை அனுப்பினார். மறுநாள் பிப்பை உட்காரவைத்து, அவருடைய இடத்தை கெரிக்குக்குக் கொடுத்தார். பிப் தலைவலி என்று லீவு கேட்டார், அதனால் இடம் போயிற்று என்று பின்னாளில் ஒரு கதை பரவியது. உண்மையில் கோஷ்டியைச் சீர்செய்ய அன்று வேறு சிலரையும் மானேஜர் மாற்றினார்.

பலன் உடனே தெரியவில்லை. அந்த ஆண்டு 8 கோஷ்டிகளில் யாங்கீஸ் 7-வது இடம்தான் பெற்றது. ஆனால் 1927-ல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் வென்றது. பிப்புக்கு யாங்கீஸில் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

விடாத ஆட்டம்

அதன்பின் கெரிக் நாள் தவறாமல் ஆடினார். விரல் எலும்பு முறிந்தாலும் ஆடினார். 1934-ல் கடுமையான முதுகு வலி. மறுநாள் முதல் ஆளாக மட்டை பிடித்து, ஒரே ஒரு முறை பந்தை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணக்கு விட்டுப் போகவில்லை!

விடாமல் 1,307 ஆட்டங்கள் ஆடிய ஸ்காட் என்பவரின் சாதனையை 1933-ல் முறியடித்தார். மைதானத்துக்கு வெளியே 493 முறை பந்தை விரட்டினார். 6 முறை உலகக் கோப்பைப் பந்தயத்தில் வென்ற கோஷ்டியில் இருந்தார்.

கை தளர்ந்தது

1939-ல் ஏதோ நேர்ந்துவிட்டது. அடித்தால் பந்து போகவில்லை. ஓடினால் கால் பின்னியது. 8 ஆட்டங்களில் 28 வாய்ப்புகள். 4 முறைதான் சரியாக அடித்தார்.

பெஞ்சில் டால்கிரன் என்ற வீரர் காத்திருந்தார். மானேஜர் ஜோ மெக்கார்த்திக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கெரிக்கை உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை ஆண்டு உழைத்த காப்டனிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 30-ந் தேதி, எந்த வீரரும் எளிதில் செய்யக்கூடிய ஒரு காரியத்தை கெரிக் செய்தார். தோழர்கள் ஓடிவந்து பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் அவரைச் சுட்டது. இதற்குக்கூடப் புகழவேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்று உணர்ந்தார்.

மே 2-ந் தேதி தாமாகவே மெக்கார்த்தியிடம் சென்றார். கோஷ்டியின் நன்மைக்காகத் தம்மை நீக்கும்படி கேட்டுக்கொண்டார். காப்டன் என்ற முறையில், தம் பெயர் இல்லாத பட்டியலைத் தாமே கொண்டுபோய் நடுவரிடம் கொடுத்தார். எதிர்க் கோஷ்டியின் ரசிகர்களும் கை தட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்த கெரிக் கண்ணீர் விட்டார்.

2,130 ஆட்டங்களோடு கணக்கு நின்றது. அன்று டால்கிரன் நன்றாக ஆடினார். யாங்கீஸ் 22-க்கு 2 என்று வென்றது. அந்த ஆண்டு உலகக் கோப்பையும் அவர்களுக்கே!

கடைசி நாட்கள்

தளர்ச்சிக்குக் காரணம் பின்னர் தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும் வியாதி. தீர்க்க மருந்து இல்லை. மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதைக் கண்டறிந்த தினம் அவருடைய 36-வது பிறந்த நாள்.

ஜூலை 4-ந் தேதி நியூயார்க்கில் 60 ஆயிரம் பேருக்கு மேல் கூடி அவருக்கு விடை கொடுத்தார்கள். கெரிக் தம் விதியை நொந்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் நன்றி சொன்னார். அவர் அணிந்த 4-ம் எண் சட்டையை இனி யாங்கீஸில் எவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

1941-ம் ஆண்டு, 37-வது வயதில் காலமானார். அவருடைய சாதனை 56 ஆண்டுகள் நிலைத்தது. 1995-ல் கால் ரிப்கன் என்ற வீரர் அதைத் தாண்டினார். அந்த வியாதியை அமெரிக்கர்கள் இன்றும் கெரிக்கின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அவர் இறந்த தேதி ஜூன் 2. பெஞ்சில் இருந்து எழுந்து பிப்பின் இடத்துக்கு அவர் போனதும் அதே ஜூன் 2-ந் தேதிதான். சரியாக 16 ஆண்டுகளுக்கு முன்!