மதுரவாயலில் வாழ்ந்த ஜானகி அம்மாள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாலு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நம் கல்லூரிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். மதுரவாயல் என்றால் டிராஃபிக் ஜாம்தான் ஞாபகம் வரும். உலகமே மதித்த ஒரு தாவர விஞ்ஞானி தம் கடைசிப் பதின்மூன்று வருடங்களை அங்கேதான் கழித்தார் என்பது படிக்கிற காலத்தில் எனக்குத் தெரியாது. மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்து நண்பர்கள் நச்சரித்தபோது, எழுதினால் இவரைப் பற்றித்தான் என்று முடிவு செய்தேன்.

டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை சப்-ஜட்ஜ். கூடப் பிறந்த பெண்களுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்க, இவர் படிப்பே போதும் என்று சென்னைக்கு வந்துவிட்டார். ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. அங்கிருந்து பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931இல் டாக்டர் பட்டம்.

அவருடைய வேலை குரோமோசோம்களை எண்ணுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். வேர் நுனியைக் கிள்ளி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் குனிந்திருக்க வேண்டும். தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிக்கு 32 குரோமோசோம். கருவுறாத முட்டையிலிருந்து வரும் ஆணுக்கு 16தான். கூட்டமாக வாழாமல் மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுக்கும் இதே கணக்கு, ஆணுக்குப் பாதி. செடிகள் இன்னும் தாராளம். இரண்டு செட் நாலாகும், எட்டும் ஆகும். செட் கூடினால் இலை தடிக்கும், பூ பெருக்கும். சிலதில் விதையே பிடிக்காது. இந்த எண்ணிக்கை தெரியாமல் ரகங்களைக் கலப்பது, டிராயிங் இல்லாமல் மெஷின் கட்டுகிற மாதிரி.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தடித்த, தித்திப்பான கரும்பினத்துக்கு 80 குரோமோசோம். நம்ம ஆற்றங்கரை நாணலுக்கோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். இரண்டையும் சேர்த்துப் புது ரகங்கள் எடுப்பது அங்கே முன்பே நடந்துகொண்டிருந்தது. அந்தக் கலப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் இவர். கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்தது பற்றி 1938இல் நேச்சர் இதழில் எழுதினார். ஆனாலும் அங்கே நிம்மதி இல்லை. கல்யாணம் ஆகாத பெண், அதுவும் தாழ்வாகப் பார்க்கப்பட்ட சமூகத்தவர் என்பதால் பட்ட சிரமங்களை அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். யுத்தம் வந்துவிட்டது, அங்கேயே தங்கினார். லண்டன் ஜான் இன்ஸ் நிலையத்தில் வேலை. குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்கி, காலையில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வார் என்று சொல்வதுண்டு. 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்.

1951இல் நேருவின் அழைப்பில் ஊர் திரும்பினார். அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், பிறகு ஜம்மு. 1970இல், 73 வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். ஓய்வுக்கு அல்ல, மூலிகைச் செடிகளை வளர்த்து எண்ணிக்கொண்டே இருந்தார். வளர்த்த பூனைக்குட்டிகளில்கூட ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று பார்ப்பாராம்! 1977இல் பத்மஸ்ரீ வந்தது. எண்பதைத் தாண்டிய பிறகும், அணைக்கட்டுக்குப் பலியாக இருந்த கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கின் மரங்களைக் குரோமோசோம் வாரியாக ஆராய முனைந்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலிலேயே காலமானார். அதே வருடம் நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

யுத்தம் முடிந்த பிறகு அவர் வேலை பார்த்த விஸ்லி தோட்டத்தில், அவர் பெயர் கொண்ட ஒரு மக்னோலியா ரகம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. லண்டன் பக்கம் இருக்கும் நம்ம பேட்ச் ஆட்கள் யாராவது வசந்த காலத்தில் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த மலரில் போட்டுவிடலாம்.