கூடத்திலிருந்து வீதிக்கு

அமெரிக்காவில் 1895இல் பிறந்த டொரோத்தியா லாங், ஏழாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமுற்றார். சான்பிரான்சிஸ்கோவில் நிழற்படக் கூடம் அமைத்துச் செல்வர்தம் உருவப்படங்களை எடுத்துப் புகழும் பொருளும் ஈட்டினார்.

பெருமந்தம் சூழ்ந்த 1933இல், வேலையற்று அலைவோரைக் கூடத்தின் சாளரம் வழியே கண்டவர், வீதியில் இறங்கி இலவச உணவு வரிசையைப் படமெடுத்தார். அமரச் செய்யவோ ஒளியை ஒழுங்குசெய்யவோ இயலாத புதுத்துறை அது. எனினும் முகங்களை நுணுகி நோக்கிய பழம்பயிற்சி அங்குக் கைகொடுத்தது.

1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பனியால் பட்டாணிப் பயிர் அழிந்த முகாமில், மக்களோடு வாடியிருந்த தாயொருவரைப் படமெடுத்தார். நாளிதழில் படங்கள் வெளிவர, அரசு அம்முகாமுக்கு உணவு அனுப்பியது. ஆயின் அத்தாயின் குடும்பம் அதற்குள் அவ்விடம் நீங்கியிருந்தது.

லாங் 1965இல் மறைந்தார். பழகிய எல்லையைத் தாண்டும் கலையே பிறர் துயரை எட்டுகிறது என்பதை அவர் வாழ்வில் நாம் காண்கின்றோம்.